செங்கல் நிறத்துப் பாம்பு

பெட்ரோல் பங்க் நடத்தும் பெர்னீஸ் எதையும் முகம் பார்த்துச் சொல்ல மாட்டாள். காபிக் கோப்பைக்கு மூடி தேடுகிறவள்போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டுதான் அன்றும் பேசினாள்.

"உங்க அண்ணன் பெரிய ஆளாயிட்டாரு போல. வெளியூர்க்காரன்லாம் தேடிக்கிட்டு வரான்."

"யாரு?" என்றாள் ஸ்லாவ்கா.

"எனக்கென்ன தெரியும்? பச்சை வண்டி, ஒன்டாரியோ நம்பர். தனியார் நிலத்துல பாம்புக் குழி எங்க இருக்குன்னு கேட்டான். அரசாங்கக் குழிக்குப் போப்பா, அங்க படிக்கட்டெல்லாம் கட்டி வெச்சிருக்கு, டூரிஸ்ட் எல்லாம் அங்கதான் போவாங்கன்னேன். அது வேணாமாம். நிறம் மாறின பாம்பு ஏதாவது இந்தப் பக்கம் பார்த்ததுண்டாங்கறான். எங்க வீட்டுக்காரரு குடிச்சா நிறம் மாறுவாரு, வந்து பாத்துட்டுப் போன்னேன்." பெர்னீஸ் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்புறம்தான் கேட்டான், ஓஸ்டாப்புன்னு ஒருத்தர் இங்க பாம்பு பிடிச்சிக்கிட்டு இருந்தாராமே, அவர் வீடு எதுன்னு. காட்டி விட்டேன். தப்பா?"

ஸ்லாவ்கா காசை மேசைமேல் வைத்தாள். காபியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காலையில் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பேருந்தைக் காலியாக வீட்டுக்கு ஓட்டிவருவது அவளுடைய பல வருஷத்துப் பழக்கம். அந்த வெற்று வண்டியின் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அன்று மட்டும் அந்தச் சத்தத்துக்குள் அண்ணனின் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. போன வசந்தத்தில் அவன் சொல்லத் தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு வாக்கியம்.

வீட்டு முற்றத்தில் பேருந்தை நிறுத்தியவள் வீட்டுக்குள் போகாமல் நேராகப் பின்கோடிக்கு நடந்தாள். பாப்லர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அவற்றின் நடுவே சுண்ணாம்புப் பாறை உள்வாங்கிச் சரிந்த ஒரு குழி இருந்தது. ஓர் அறையின் அகலம், ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான ஆழம். அடியிலிருக்கும் வெடிப்புகள் பூமிக்குள் எவ்வளவு தூரம் போகின்றன என்று யாருக்கும் தெரியாது. கனடாவின் மனிடோபா மாகாணத்துப் பனிக்காலம் எட்டாத ஆழம்வரை போகின்றன என்பது மட்டும் தெரியும். கோடை முழுவதும் சதுப்புகளில் தவளை தின்று திரிந்த, ஆளைக் கொல்லும் விஷமில்லாத கார்ட்டர் பாம்புகள் செப்டம்பரில் அந்தக் குழிக்குத் திரும்பிவரும். வந்தவுடன் உள்ளே போவதில்லை. வெயில் இருக்கும்வரை பாறை விளிம்புகளில் கிடந்து, குளிர் இறுகிய பிறகுதான் இறங்கும்.

அன்றும் கிடந்தன. கறுத்த உடல், முதுகிலும் விலாக்களிலும் மஞ்சள் கோடு, கோடுகளுக்கிடையில் சிவப்புப் புள்ளிகள். எல்லாம் ஒரே அச்சு. அவற்றுக்கு நடுவே, மேற்கு விளிம்பில், அவள் இருந்தாள்.

அந்த உடம்பில் கறுப்பே கிடையாது. கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் செங்கல் நிறம். முதுகுக்கோடு வெண்ணெயைத் தேய்த்ததுபோல வெளிறியிருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு மெல்லிய கருவளையம். ஸ்லாவ்கா முதன்முதலில் அவளைப் பார்த்தது சில வருஷங்களுக்கு முந்தைய மே மாதம், ஒரு பெண்ணைச் சுற்றி ஆண் பாம்புகள் இணைசேரத் திரண்டு உருளும் ஒரு பந்துக்குள்ளே. ஏதோ துருப்பிடித்த கம்பி சிக்கிக் கிடப்பதாக நினைத்துக் கையை விட்டாள். கம்பி நெளிந்தது.

அதன்பின் ஒவ்வொரு வசந்தமும், ஒவ்வொரு செப்டம்பரும் அவள் வந்தாள். கணவன் லோர்ன் 'மகாராணி' என்று பெயர் வைத்தான். ஸ்லாவ்கா பெயர் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். படம் எடுத்ததில்லை. பாம்புகளை ஆராய வரும் பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் சொன்னதில்லை. இப்படி நிறம் பிறழ்ந்த பாம்பை நல்ல விலைக்கு வாங்க நகரங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குட்டி எடுப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். அதனால் ஒரே ஒருவனுக்குத்தான் காட்டினாள்.

ஓஸ்டாப்புக்கு.

பாம்பு பிடிப்பதை அரசாங்கம் தடை செய்வதற்கு முன் இந்த வட்டாரத்தில் அவனை மிஞ்சிய ஆள் இல்லை. வசந்தத்தில் குழிக்குள் இறங்கி இரு கையாலும் வாரி வாரிச் சாக்கில் போடுவான். சிறுமியாயிருந்த ஸ்லாவ்கா சாக்கின் வாயை விரித்துப் பிடிப்பாள். கம்பெனி வண்டி வந்து மூட்டைகளை வின்னிபெக்குக்கு ஏற்றிப் போகும். அங்கிருந்து பள்ளிக்கூடங்களுக்கு, பிள்ளைகள் அறுத்துப் பார்க்க. சிறுசு என்று கழித்துவிட்டவற்றை ஓஸ்டாப் போகிற வழியில் எந்தக் குழி வருகிறதோ அதில் கவிழ்ப்பான். "குழிக்குக் குழி என்ன வித்தியாசம்? கல்லும் ஒண்ணுதான், கீழ இருக்கிற இருட்டும் ஒண்ணுதான்" என்பான். அவை தண்ணீர் வடிவதுபோல வெடிப்புகளில் இறங்குவதை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இத்தனை லட்சம் பாம்பைத் தொட்டவனுக்குத்தான் இந்த ஒன்றின் அதிசயம் புரியும் என்று நினைத்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஓஸ்டாப் விளிம்பில் குந்தி வெகுநேரம் பார்த்தான். தொடவில்லை. பிறகு சொன்னான்: "இந்த மாதிரி ஒண்ணு அன்னைக்கு என் கையில கிடைச்சிருந்தா..."

அத்துடன் நிறுத்தி, எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

அப்போது அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது அந்த வாக்கியத்தின் மிச்சம் அவளுக்குத் தெரிந்துவிட்டதுபோல இருந்தது.

*

ஓஸ்டாப் தன் வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவள் வண்டியைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையில் குத்திவிட்டு நின்றான்.

"என்ன ஸ்லாவ்கா, இந்நேரத்துல? பஸ்ஸ யாராவது திருடிட்டானா?"

"சும்மாதான் வந்தேன்ணே."

"நீ சும்மா வர்ற ஆளா? லோர்ன் மாப்ள உன்னத் துரத்திட்டானோன்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. "பச்சை வண்டியில ஒருத்தன் வந்தானாமே."

ஓஸ்டாப் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "வந்தான். போயிட்டான்."

"என்ன கேட்டான்?"

"என்னென்னமோ கேட்டான். பட்டணத்துப் பய. போயிட்டான்ல, விடு."

காபி போடுகிறேன் என்று அவன் உள்ளே போக, அவளும் போனாள். சமையலறை மேசைமேல் ஒரு விஸ்கி பாட்டில் நின்றது. விலை உயர்ந்த சரக்கு, கழுத்தில் முத்திரை உடையாமல். ஓஸ்டாப் இதுவரை தன் கையால் அப்படி ஒன்றை வாங்கியதே இல்லை. அவள் பார்வை அங்கே போனதை அவன் கவனித்தான். எடுத்து அலமாரிக்குள் வைத்தான். இருவரும் காபி குடித்தார்கள். வெளியே ஒரு காகம் கத்தி ஓய்ந்தது.

அவர்கள் குடும்பத்தில் பேசாமலிருப்பது ஒரு நல்ல குணம். அப்பா அப்படி, அவருக்குப் பின் பிள்ளைகள் அப்படி. பேசினால் உடைந்துவிடக்கூடியதைப் பேசாமல் காப்பாற்றுவது என்றுதான் ஸ்லாவ்கா அதை நினைத்திருந்தாள். 'அவனுக்குச் சொன்னியா?' என்று இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் பொய் சொல்வானோ என்ற பயம். உண்மையைச் சொல்வானோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வாயிலிருந்து அது வந்தது.

"அண்ணே, அந்தப் பழைய சாக்கெல்லாம் இன்னும் வெச்சிருக்கியா?"

ஓஸ்டாப் கதவைப் பிடித்தபடி நின்றான். "எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

அவன் முகத்தில் ஏதோ அணைந்ததை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் படியிறங்கினாள்.

*

அன்று பிற்பகல், பள்ளிச் சவாரிக்கு நேரம் இருக்கும்போதே, பூப்போட்ட தலையணை உறை ஒன்றை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள். செங்கல் நிறத்தவள் மேற்கு விளிம்பில் அதே இடத்தில் கிடந்தாள். பிடித்ததும் நாற்றநீரைக் கைமேல் பீச்சினாள். கடிக்கவில்லை. உறைக்குள் போய் ஒருமுறை சுழன்று அடங்கினாள்.

நெடுஞ்சாலையைக் கடந்து வடக்கே ஆறு மைல் போனால், கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் பக்கத்தில் அரசாங்க நிலத்தில் இன்னொரு குழி. பாதை இல்லாததால் யாரும் போவதில்லை. அங்கும் பாம்புகள் வெயிலில் கிடந்தன. உறையைக் கவிழ்த்தாள். சிவப்பு உடல் கல்மேல் ஒரு கணம் தயங்கி நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு ஒரு வெடிப்புக்குள் வழுக்கி இறங்கியது. வால் நுனி மறையும்வரை அவள் நின்றாள். அன்று முழுவதும் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் இறங்கியது.

இரவுச் சாப்பாட்டின்போது லோர்ன் மூக்கைச் சுளித்தான். "என்ன இது, வீட்டுக்குள்ள செத்த எலி குடிவந்துடுச்சா?"

"மகாராணிய இடம் மாத்திட்டேன். தலையணை உறையில போட்டு, கல்குவாரிக் குழிக்கு."

"என் தலையணை உறையிலயா?" அவன் காற்றை மோந்து பார்த்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "மச்சான்கிட்ட கேட்டியா? பாம்பு விஷயத்துல அவரை விட்டா யாரு இருக்கா?"

"அவனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் மாத்தினேன்."

லோர்ன் உருளைக்கிழங்கைக் கிளறினான். ஏதோ சொல்லப்போனவன் சொல்லாமல் விட்டான். அந்த வீட்டில் இருந்து இருந்து அவனுக்கும் அது தொற்றிவிட்டிருந்தது.

அந்த வருஷம் வெயில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறந்தும் மதியத்தில் சட்டைக் கையைச் சுருட்டிவிட வேண்டியிருந்தது. காலையும் மாலையும் ஸ்லாவ்கா நெடுஞ்சாலையில் பேருந்தை ஓட்டினாள். குழிக்குத் திரும்பும் பாம்புகள் சாலையைக் கடக்கும் காலம் அது. இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல அவளும் கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைப்பாள். பட்டால்தானே. பிள்ளைகள் பின்னால் கூச்சலிடுவார்கள், வெயில் கண்ணாடியில் அடிக்கும். ஓஸ்டாப்பின் பழைய வண்டி சில நாட்களில் அவள் நிலத்துக்குத் திரும்பும் மண்சாலை முனையில் நிற்பதைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. அவனும் தூக்கவில்லை. 'வேவு பார்க்கிறான்' என்று நினைத்துக்கொண்டாள்.

*

அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை, விடுமுறை நாள், நன்றி நாள் விருந்துக்கு ஓஸ்டாப்பை அழைத்தது லோர்ன்தான். வான்கோழி அடுப்பில் இருந்தது. முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டிய ஹோலுப்சிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள் ஸ்லாவ்கா. வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

பின்கதவு வழியாக வந்தான். காலணியில் குழியோரத்துச் சுண்ணாம்புச் சேறு. கையில் அந்த விஸ்கி பாட்டில், முத்திரை அப்படியே.

"வாங்க மச்சான்! வெறுங்கையோட வர்ற பழக்கத்த விட்டுட்டீங்களா?" என்றான் லோர்ன்.

ஓஸ்டாப் அவனைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு தங்கையிடம் சொன்னான்: "ஸ்லாவ்கா, அவளக் காணோம்."

"யார?"

"அந்தச் சிவப்புப் பொண்ண. மூணு வாரமா தினமும் வந்து பாக்கறேன். மத்ததெல்லாம் இருக்கு, அவ மட்டும் இல்ல. அந்தப் பய எடுத்துட்டான்னு நினைக்கிறேன்." அவன் பார்வை பின்கதவுப் பக்கம் போனது. "சதுப்புக்கு அந்தாண்ட போன்னு கிழக்க அனுப்பி வெச்சேன். பாட்டில வேணாம்னேன், படியில வெச்சிட்டுப் போயிட்டான். மறுபடி வருவான்னு தெரியும். முனையில வண்டியப் போட்டுக் காவல் இருந்தேன். எந்நேரமும் இருக்க முடியுமா? எப்பயோ கண்ணத் தப்பிட்டான்."

அடுப்பில் கொழுப்பு உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது.

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றாள் ஸ்லாவ்கா. தன் குரல் யாருடையதோபோல இருந்தது.

"எப்படிச் சொல்றது? அவன் நேரா என் வீட்டுக்கு வந்தான்னா என்ன அர்த்தம்? இத்தனை வருஷம் கழிச்சும் என் பேரு அந்தப் பேருதான். அத உங்கிட்டயே வந்து சொல்லணுமா?" பாட்டிலை மேசைமேல் வைத்தான். "நீயும் சாக்கப் பத்திக் கேட்ட."

லோர்ன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த ஹோலுப்சியைத் தட்டில் வைத்தாள்.

"அவன் எடுக்கல அண்ணே. நான்தான் எடுத்தேன்."

ஓஸ்டாப்பின் முகம் மலர்ந்ததை அவள் கடைசிவரை மறக்கப்போவதில்லை. கிழவன் முகத்தில் ஒரு பையன் வந்து போனான். "அப்பாடா! உயிர வாங்கிட்ட போ! எங்க வெச்சிருக்க? கீழ் ரூம்லயா?"

"கல்குவாரிக் குழியில விட்டேன். அன்னைக்கே, உன் வீட்டுக்கு வந்த அன்னைக்கு."

மலர்ந்த முகம் அப்படியே நின்று, மெல்ல வடிந்தது.

"செப்டம்பர்லயா?"

"நீதானே சொல்லுவ, குழிக்குக் குழி வித்தியாசம் இல்லேன்னு. நானே பாத்திருக்கேன், எல்லாம் இறங்கிப் போகும்."

"அது வசந்தத்துலம்மா." மிகவும் மெதுவாகச் சொன்னான். "வசந்தத்துல எங்க கொட்டினாலும் ராத்திரிக்கு ஒதுங்கும், அப்புறம் சதுப்புக்குப் போயிடும். பனிக்கு அடங்கற நேரத்துல தன் குழிதான் வேணும் அதுக்கு. நீ கல்யாணமாகிப் போன வருஷம் ஒரு தடவை செப்டம்பர்ல கொட்டிப் பாத்தோம். உள்ள இறங்கிச்சு. ரெண்டு நாள்ல எல்லாம் வெளிய வந்து வீட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சிடுச்சு. எல்லாம் ரோட்டுல..."

இந்தமுறையும் அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை.

*

லோர்ன் வான்கோழியைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டிலேயே இருந்தான். அவர்கள் இருவரும் ஓஸ்டாப்பின் வண்டியில் நெடுஞ்சாலைக்குப் போய், அதை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார்கள். வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. அன்று காலைதான் காற்று வடக்கே திரும்பியிருந்தது. அவன் ஓர் ஓரம், அவள் எதிர் ஓரம். குனிந்த தலை நிமிராமல் நடந்தார்கள். புல்லில், சரளையில், தாருக்கு மேல். காய்ந்து தோலாகிப்போன கறுப்புப் பாம்புகள் பல கிடந்தன. ஒவ்வொன்றின் முன்னும் அவள் குனிந்து நிறத்தைப் பார்த்தாள்.

உள்ளே போயிருக்கலாம், குளிர் வந்ததும் கல்குவாரியிலேயே அடங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"ஸ்லாவ்கா" என்றான் ஓஸ்டாப். சத்தமாகக்கூட இல்லை.

அவள் வீட்டுக்குத் திரும்பும் மண்சாலை முனைக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையில், வண்டிச் சக்கரம் உருளும் தடத்தில் செங்கல் நிறத்தவள் கிடந்தாள். ஆறு மைலில் கிட்டத்தட்ட முழுவதையும் நடந்து வந்திருந்தாள். தாண்டியிருந்தால் அடுத்து வேலி, அதற்கப்பால் பாப்லர்கள், அப்புறம் குழி. உடம்பின் நடுப்பகுதி தட்டையாகித் தாரோடு ஒட்டியிருந்தது. நிறம் வெளிறிப் பழைய ரத்தக்கறைபோல ஆகியிருந்தது. தலை மட்டும் சிதையாமல் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

காய்ந்து பல நாள் ஆகியிருக்கும். பேருந்து தினம் நான்கு தடவை போகும் தடம் அது. ஸ்லாவ்கா அதை நினைத்தாள். ஓஸ்டாப்பும் அதை நினைத்திருப்பான். அவன் பக்கத்தில் இருந்த சக்கரத் தடத்தை ஒருமுறை பார்த்தான், தங்கையைப் பார்க்கவில்லை.

ஒரு லாரி ஒலியெழுப்பி விலகிப் போனது.

"அன்னைக்கு நான் சொல்ல வந்தது" என்று தொடங்கினான் ஓஸ்டாப். "இந்த மாதிரி ஒண்ணு கையில கிடைச்சிருந்தா பார்த்திருக்கவே மாட்டேன். மத்ததோட வாரி சாக்குல போட்டிருப்பேன். அப்பல்லாம் நாங்க பார்க்கறதே இல்ல ஸ்லாவ்கா. கனம் மட்டும்தான் தெரியும். எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை, எது எதுன்னு பார்க்காமலே போட்டுட்டேனோ. அதத்தான் சொல்ல வந்தேன். வாய் வரல."

அவள் தலையசைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு முதலில் கேட்பது என்று தெரியவில்லை. பாம்புக்கா, சாக்கைப் பற்றிக் கேட்டதற்கா, மேசையிலிருந்த பாட்டிலை நம்பி அண்ணனை நம்பாததற்கா. வாய் திறந்தது. குளிர்காற்று உள்ளே போனதுதான் மிச்சம்.

ஓஸ்டாப் பேனாக்கத்தியை எடுத்து, மண்டியிட்டு, தாரிலிருந்து அவளை அங்குலம் அங்குலமாகப் பெயர்த்தான். நேரம் பிடித்தது. ஸ்லாவ்கா வண்டியிலிருந்து ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பை வேணாம்" என்றான்.

இரண்டு உள்ளங்கையிலும் அவளைக் கிடத்தி எழுந்தான். "நான் நடந்தே வரேன். நீ வண்டிய எடு."

"குழி வரைக்குமா? காலு வலிக்கும்ணே. ஏறிக்கோ, மெதுவா ஓட்டறேன்."

"அவ நடந்தா" என்றான், அவ்வளவுதான்.

ஸ்லாவ்கா வண்டியைக் கிளப்பினாள். அபாய விளக்குகளைப் போட்டாள். அவன் சாலை ஓரமாக, கைகளை முன்னே ஏந்தியபடி, தலை குனிந்து நடந்தான். அவனுக்குப் பின்னால், அவன் நடைக்கு மேல் போகாமல், அவள் ஓட்டினாள். பின்னால் வந்த ஒரு கார் பொறுமையிழந்து ஒலியடித்தது. அவள் விலகவில்லை. கண்ணாடியில் முதல் பனித்துகள்கள் விழுந்து கரைந்தன. அவற்றைத் துடைக்க மனமில்லாமல், ஆனால் ஒரு கணமும் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல், ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மண்சாலை முனையில் ஓஸ்டாப் திரும்பினான். அவளும் திரும்பினாள். அவன் ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. விடிந்தால் செவ்வாய்க்கிழமை, பள்ளி உண்டு. இதே சாலையில்தான் பேருந்தை எடுக்க வேண்டும்.